வட சென்னை வீட்டுச் செடியில் தையல்சிட்டு: கண்டுகொள்வதும் கூட்டைக் காப்பதும்

கத்தரிச் செடியில் ஓர் இலை சுருண்டு கிடக்கிறது. பூச்சி விழுந்துவிட்டது என்று கிள்ளிப் போடக் கை போகும். போடாதீர்கள். முதலில் இலையின் ஓரத்தைப் பாருங்கள். இரண்டு ஓரங்களும் சேரும் இடத்தில் கடுகு அளவில் வெள்ளைப் பஞ்சு உருண்டைகள் வரிசையாகத் தெரிந்தால் அது தையல்சிட்டு என்ற குட்டிப் பறவை தைத்த கூடு. உள்ளே முட்டையோ குஞ்சோ இருக்கலாம்.

வீட்டுத் தோட்டத்தில் இந்தக் கூடு அழிவது பெரும்பாலும் இப்படித்தான். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, தெரியாமல் நடக்கிறது. தையல்சிட்டுக்குக் கூண்டும் பெட்டியும் தானியமும் தேவையில்லை. அதற்கு வேண்டியது உயிருள்ள இரண்டு இலைகளும், ஐந்து வாரம் அவற்றைத் தொடாமல் விடும் மனசும். ராயபுரத்துச் சந்து வீட்டிலும் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு பால்கனியிலும் இதைக் கொடுக்க முடியும். எப்படி என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் காதால் பிடியுங்கள்

புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்குகிறவர்கள் கண்ணால் தேடிக் களைத்துப் போவார்கள். தையல்சிட்டு புதருக்குள்ளேயே திரிகிற பறவை. எடை 6 முதல் 10 கிராம்தான், இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களைக் கையில் வைத்தால் அந்தக் கனம் தெரியும். ஆனால் குரல் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்குப் பெரிது. ‘டுவிட் டுவிட் டுவிட்’ என்றோ ‘ச்சியப் ச்சியப் ச்சியப்’ என்றோ ஒரே சொல்லை விடாமல் அடுக்கிக்கொண்டே போகும். தெருவில் ஆட்டோ போகும் சத்தத்தையும் மீறிக் கேட்கும். ஆபத்து என்றால் குரல் மாறிவிடும். ‘பிட் பிட் பிட்’ என்று குறுகலாக, அவசரமாக வரும். இந்த இரண்டாவது குரல் உங்களைப் பார்த்து வந்தால் நீங்கள் கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று பொருள். நாலு அடி பின்னால் வாருங்கள்.

காலை 6 மணி முதல் 8.30 வரை கேட்பது எளிது. மாலையில் 4.30க்கு மேல் மறுபடி குரல் எழும். வெயில் ஏறிய பிறகு, அதுவும் அக்னி நட்சத்திர நாட்களில், நடுப்பகலில் தேடுவது வீண் வேலை. குரல் வந்த புதரைக் குறித்துக்கொண்டு ஐந்தாறு மீட்டர் தள்ளி அசையாமல் 10 நிமிடம் நில்லுங்கள். புதரைச் சுற்றிச் சுற்றி வந்தால் அது அடுத்த செடிக்கு நழுவிவிடும். நீங்கள் நின்றால் அது தானாக வெளி ஓரத்துக்கு வரும்.

பைனாகுலர் கையில் இருந்தால் எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8×32 அல்லது 8×42 போதும். இல்லாவிட்டாலும் குறை இல்லை. மனிதர் நடமாட்டத்துக்குப் பழகிய பறவை இது, துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்திலேயே வந்து போகும்.

பார்த்ததும் உறுதி செய்துகொள்வது

நெற்றியும் உச்சந்தலையும் துருப்பிடித்த இரும்பின் செம்பழுப்பு. முதுகும் இறக்கையும் முற்றிய மாவிலையைக் கொஞ்சம் வெளுக்க வைத்தது போன்ற பச்சை. அடிப்புறம் பால் ஏடு நிறம். அலகு நீளமாக, கூராக இருக்கும். வால் எப்போதும் முதுகின்மேல் நிமிர்ந்து ஆடிக்கொண்டிருக்கும். ஒரு நொடியில் அடையாளம் காண இந்த வால் ஒன்றே போதும். ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் ஆணுக்கு வாலின் நடு இறகுகள் இரண்டும் நீண்டு ஊசிபோல் தனியே தெரியும். கத்தும்போது கழுத்தின் பக்கவாட்டில் கறுப்பாக ஒரு திட்டு எட்டிப் பார்க்கும். தொண்டை விரியும்போது இறகுகள் விலகி, அடியிலிருக்கும் கருந்தோல் தெரிவதுதான் அது. நோயோ காயமோ இல்லை.

நம் பக்கத்தில் இதோடு குழம்புவது மூன்று பறவைகள். சாம்பல் கதிர்க்குருவிதான் அதிகம் குழப்பும். அதுவும் வாலைத் தூக்கும், அதுவும் இலையைத் தைத்துக் கூடு கட்டும். ஆனால் முதுகு சாம்பல் நிறம், வயிறு வெளிர் ஆரஞ்சுப் பழுப்பு, கண் சிவப்பு. பறக்கும்போது ‘டக் டக்’ என்று மின்பொறி தெறிப்பது போல ஓர் ஓசையும் வரும். தையல்சிட்டுக்கு அந்த ஓசை இல்லை. தேன்சிட்டின் அலகு வளைந்திருக்கும். அதன் கூடு சிலந்தி நூலால் கட்டிய அழுக்குப் பை போலக் கிளையிலோ கேபிள் ஒயரிலோ தொங்கும், அதில் தைத்த இலை இருக்காது. சிட்டுக்குருவி உருண்டை உடம்பும் தடித்த அலகும் கொண்டது. நம்மில் பலர் சின்னப் பறவை எல்லாவற்றையும் சிட்டுக்குருவி என்றே சொல்லிப் பழகிவிட்டதால்தான் தையல்சிட்டு கண்முன்னே இருந்தும் பெயர் தெரியாமல் போகிறது.

ஒரு சின்ன எச்சரிக்கை. முருங்கை, இலவம் மாதிரி மரங்கள் பூத்திருக்கும்போது தையல்சிட்டு பூவுக்குள் தலையை விடும். மகரந்தம் அப்பித் தலை மஞ்சளாகத் தெரியும். புதுப் பறவை ஒன்றைக் கண்டுவிட்டோம் என்று துள்ள வேண்டாம். வாலையும் குரலையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வட சென்னையில் எங்கே தேடலாம்

பெரம்பூர் ரயில்வே குடியிருப்பின் பழைய மரங்களுக்கு அடியில் இருக்கும் செடிகொடிகள், மாதவரம் பால்பண்ணைப் பக்கமும் அங்குள்ள தாவரவியல் பூங்காவும், ரெட்டேரிக் கரை, பெரம்பூர் முரசொலி மாறன் பூங்காவின் வேலிச் செடிகள், பழைய வண்ணாரப்பேட்டையில் ராபின்சன் பூங்கா என்றே இன்னும் பலர் சொல்லும் அண்ணா பூங்கா. தொடங்குவதற்கு இவை போதும். மணலியிலும் கொடுங்கையூரிலும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அங்கும் குரல் கேட்கும். ஆனால் கூடு தேடுகிறவர்கள் கருவேலத்தையே பார்த்துக்கொண்டிருந்து பயனில்லை. அதன் இலை பொடி இலை, தைக்க முடியாது. அதன் ஓரத்தில் ஆமணக்கோ பூவரசங்கன்றோ நுணாவோ முளைத்திருக்கும், அங்கே பாருங்கள். இரை ஒரு செடியில், வீடு வேறு செடியில்.

காசிமேடு, திருவொற்றியூர் கடலோரத்தில் உப்புக்காற்று நேராக அடிக்கும் முதல் வரிசை வீடுகளில் எதிர்பார்க்காதீர்கள். இரண்டு தெரு உள்ளே, காற்று மறைவான முற்றத்தில் பாருங்கள்.

கூட்டைக் கிட்டத்தில் பார்த்தால்

அறிவியலில் இதன் பெயர் ஆர்த்தோட்டோமஸ் சூட்டோரியஸ். லத்தீனில் ‘சூட்டோர்’ என்றால் செருப்புத் தைப்பவர். தையல்காரரைவிட இந்தப் பெயர்தான் இதன் வேலைக்குச் சரியாகப் பொருந்துகிறது. துணி தைக்கும் ஊசி ஓட்டையையும் போட்டு நூலையும் கூடவே இழுத்துப் போகும். செருப்புத் தைக்கிறவரோ முதலில் குத்தூசியால் தோலில் துளை போடுவார், பிறகு நூலை நுழைப்பார். தையல்சிட்டு செய்வதும் அதுதான்.

பெண் பறவை முதலில் இலையைச் சோதிக்கும். இலை வளைய வேண்டும், உடையக் கூடாது. கூட்டைச் சுற்றி மூடும் அகலம் வேண்டும். ஓர் இலை போதாவிட்டால் பக்கத்து இலையைச் சேர்த்துக்கொள்ளும். எலுமிச்சையில் இலை சிறிது என்பதால் பல இலைகளை இழுத்து ஒட்டுப்போட்டிருக்கும். அலகின் நுனியால் ஓரம் நெடுகக் குண்டூசி முனை அளவுக்குத் துளை. எருக்கம்பஞ்சு, இலவம்பஞ்சு, சிலந்தி நூல், செடி நார் இவற்றில் கிடைத்ததைத் துளைக்குள் திணித்து மறுபக்கம் இழுக்கும். வெளியே வந்த பஞ்சு தானே விரிந்து உருண்டையாகிக்கொள்ளும், திரும்ப உள்ளே போகாது. முடிச்சு என்று தனியாக எதுவும் போடுவதில்லை, அந்த விரிந்த பஞ்சுதான் முடிச்சு. ஓட்டுத்தையல் போல நூல் தொடர்ந்து ஓடாது. ஒவ்வொரு தையலும் தனித்தனி. அதனால் ஒன்று அறுந்தால் மற்றவை பிரிவதில்லை. இலை காற்றில் ஆடினாலும் கூடு நிற்பதற்கு இதுவே காரணம்.

அந்த இலைப் பைக்குள் பஞ்சு, மெல்லிய புல், முடி இவற்றை வைத்து ஆழமான கிண்ணமாக உண்மையான கூட்டைக் கட்டும். இலை காம்போடு உயிருடன் இருப்பதால் பச்சை மாறாது. இலையின் மேற்பரப்பு வெளிப்பக்கமாகவே இருப்பதால் பக்கத்து இலைகளோடு கலந்துவிடும். கைக்கெட்டும் உயரத்தில், இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் இருந்தும் பல வாரம் யார் கண்ணிலும் படாமல் போவது இப்படித்தான்.

சுருண்ட இலை எல்லாமே கூடு இல்லை, அதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இலைச்சுருட்டுப் புழு செய்த சுருளில் நூல் மயிரிழை போல இருக்கும், உள்ளே கறுப்புக் கசகசா மாதிரி எச்சம் கிடக்கும், இலைப்பச்சை சுரண்டப்பட்டு வெளுத்திருக்கும். செவ்வெறும்பு மாமரத்தில் கட்டும் இலைப்பந்தில் வெள்ளைப் பட்டு தாளைப் போல ஒட்டியிருக்கும், மேலே எறும்பு ஓடும். இரண்டிலும் துளையும் இருக்காது, பஞ்சு உருண்டையும் இருக்காது. இதைச் சரிபார்க்க இலையைப் பிரிக்க வேண்டாம், அடியில் குனிந்து பார்த்தாலே ஓரம் தெரியும்.

மாடியிலும் முற்றத்திலும் இடம் செய்வது

தையல்சிட்டின் இறக்கை குட்டை. செடிக்குச் செடி தாவும், நீண்ட தூரம் வெட்டவெளியில் பறக்க விரும்பாது. ஆகவே எந்தச் செடி வைப்பது என்பதற்கு முன்னால், பறவை அங்கே எந்த வழியாக வரும் என்று பாருங்கள். தெருவில் ஒரு புங்கன் அல்லது பக்கத்து வீட்டில் ஒரு முருங்கை இருந்தால், உங்கள் முதல் தொட்டியை அந்தப் பக்கக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வையுங்கள். அங்கிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டருக்கு ஒரு தொட்டி என்று உள்ளே கொண்டுவாருங்கள். தரைத்தளமும் முதல் மாடியும் இதற்கு ஏற்ற உயரம். அதற்கு மேலே போகப் போக, பக்கத்தில் மரத்தலை இருந்தால்தான் வரும்.

ஆறு தொட்டி போதும். கூடு வைக்கக் கத்தரி இரண்டு, எலுமிச்சை ஒன்று. இரை தேட ஒரு செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலை. மறைவுக்கு ஆடாதொடை அல்லது நந்தியாவட்டை ஒன்று. இடம் உள்ளவர்கள் தரையில் ஒரு கொய்யா வைத்தால் இன்னும் நல்லது. கத்தரிக்கு 12 அங்குல க்ரோ பேக் போதும். எலுமிச்சைக்கு 18 அங்குலம் வேண்டும், அல்லது காலியான 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட். பக்கெட்டை நன்றாகக் கழுவி, அடியில் நான்கைந்து துளை போட்டு, ஓட்டுத் துண்டால் துளையை மூடுங்கள். மண் கலவை செம்மண் 2 பங்கு, மக்கிய தொழுஉரம் 1 பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு 1 பங்கு. நனைந்த 20 லிட்டர் பக்கெட் ஒன்று 25 கிலோவுக்கு மேல் கனக்கும். பழைய வீட்டு மாடியில் நடுத்தளத்தில் கூட்டமாக வைக்காமல் சுவரும் பீமும் உள்ள ஓரமாக வையுங்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் எலுமிச்சை இலை நுனி கருகும். கருகி உதிரும் இலையில் கூடு நிற்காது. மெட்ரோ வாட்டரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ எலுமிச்சைக்கு ஒதுக்குங்கள், செம்பருத்தி உப்பை ஓரளவு தாங்கிக்கொள்ளும். எண்ணூர், மணலிப் பக்கம் இலைமேல் சாம்பலும் தூசியும் படியும். வாரம் இரண்டு முறை காலையில் பூவாளியால் இலைகளை நனைத்து விடுங்கள். சின்னப் பறவைகள் ஈர இலையில் உடம்பை உரசிக் குளிப்பதும் உண்டு.

மருந்து வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. தையல்சிட்டு சாப்பிடுவது புழு, வண்டு, சிலந்தி, சிறு பூச்சி, பூச்சி முட்டை. செடியில் பூச்சியே இல்லாமல் ஆக்கிவிட்டு, பறவை வரவில்லையே என்று வருத்தப்பட்டு ஆவதொன்றும் இல்லை. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம் மாதிரி கறுப்பு வெள்ளையாக உட்கார்ந்திருக்கும் வண்ணத்துப்பூச்சிப் புழுவை விட்டுவிடுங்கள், செடி தாங்கும். அசுவினி மிஞ்சினால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவலாம், அல்லது அந்தக் கொழுந்தை மட்டும் கிள்ளலாம். மாவுப்பூச்சியை ஈரத்துணியால் துடையுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசல்கூட கூடு இல்லாத காலத்தில், தேவைப்பட்ட கிளையில் மட்டும்.

தண்ணீருக்கு அகலமான மண் தட்டு ஒன்று, ஆழம் 2 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு கல். தினமும் கொட்டி மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். பஞ்சு வைக்க ஆசை இருந்தால் சாயம் போடாத இலவம்பஞ்சு ஒரு கைப்பிடியைக் கம்பிக் கூடையில் திணித்துத் தொங்கவிடலாம். தலைமுடி, நைலான் இழை, தையல் கடை வெட்டுநூல் வேண்டவே வேண்டாம், குஞ்சின் காலில் சுற்றிக்கொள்ளும். சுற்றிக்கொண்ட நூல் கால் வளர வளர இறுக்கும்.

நூல் என்றதும் நம் பகுதிக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்டம் விட்ட மாஞ்சா நூல் தடைக்குப் பிறகும் மரங்களிலும் ஆன்டெனாக் கம்பிகளிலும் சிக்கிக் கிடக்கிறது. மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் வலை நரம்பும் சேர்ந்துகொள்கிறது. கண்ணாடித்தூள் பூசிய நூலில் சிக்கும் இறக்கை தப்பாது. மாதம் ஒரு நாள் மாடியைச் சுற்றிப் பார்த்து, கையுறை போட்டு, நூலைச் சுருட்டித் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். நீளமாகப் போட்டால் குப்பைமேட்டில் வேறொரு பறவையைப் பிடிக்கும்.

கூடு வந்துவிட்டது, இனி என்ன

மார்ச் முதல் டிசம்பர் வரை எந்த மாதத்திலும் கூடு வைக்கலாம், மழை விழுந்து பூச்சி பெருகும் மாதங்களில் அதிகம். தைப்பது தெரிந்த நாளைக் காலண்டரில் குறியுங்கள். கூடு முடிய ஒரு சில நாள். பிறகு நாளுக்கு ஒன்றாகப் பெரும்பாலும் மூன்று முட்டை, சில சமயம் நான்கு. அடைகாப்பு ஏறக்குறைய 12 நாள். குஞ்சு கூட்டை விட்டுக் கிளம்ப இன்னும் சுமார் 14 நாள். ஆக ஐந்து வாரம் அந்தச் செடியை அப்படியே விட வேண்டும். இரையூட்டுவது தாய், தந்தை இரண்டும்.

கைவிட்டுப் போகும் ஆபத்து தைக்கும் நாட்களிலும் முட்டையிடும் நாட்களிலும்தான் அதிகம். இன்னும் அதிகமாக எதையும் முதலீடு செய்யாத நிலையில் பறவை எளிதாக விட்டுவிடும். அந்த முதல் பத்து நாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதோடு நிறுத்துங்கள். ஒரே நேரத்தில், ஒரே ஆள், ஒரே பக்கமாக வந்து வேரில் ஊற்றிவிட்டுப் போவது நல்லது. ஹோஸ் பைப்பால் மேலிருந்து பீய்ச்சினால் இலைப்பைக்குள் தண்ணீர் நிற்கும். குஞ்சு பொரிந்த பிறகு, பெற்றோர் அலகில் புழுவோடு பக்கத்துக் கம்பியில் உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால், இரையைக் கொடுக்க முடியாமல் காத்திருக்கிறது என்று அர்த்தம். உடனே விலகுங்கள். நாலைந்து மீட்டர் தள்ளி, ஒரு தடவைக்கு 10 நிமிடம். படம் எடுக்க இலையை விலக்குவதும், மறைக்கும் கிளையை வெட்டுவதும், ஃப்ளாஷ் போடுவதும் காகத்துக்கு வழிகாட்டுகிற வேலை. அந்த மறைப்புதான் கூட்டுக்கு ஒரே பாதுகாப்பு.

ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் வீட்டைச் சுத்தம் செய்யும்போது தொட்டிகளை நகர்த்துவது வழக்கம். கூடு உள்ள தொட்டியை மட்டும் நகர்த்தாதீர்கள், பெயிண்ட் அடிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி அந்தச் சுவரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கொசுப் புகை அடிக்க வருகிறவரிடம், “அண்ணே, அந்தச் செடி மேல மட்டும் நேரா அடிக்காதீங்க, குருவி கூடு இருக்கு” என்று சொல்லிப் பாருங்கள்.

எங்கே கெடும், ஏன்

கத்தரியில் வரும் முதல் சிக்கல் செடியின் ஆயுள். காய்ப்பு ஓய்ந்தது என்று செடியைப் பிடுங்குவார்கள், அல்லது தண்ணீர் நிறுத்துவார்கள். செடி வாடினால் தைத்த இலை பழுத்து, தையல் துளை கிழிந்து, கூடு ஒருநாள் காலையில் தரையில் கிடக்கும். காய் இல்லாவிட்டாலும் குஞ்சு போகும்வரை தண்ணீர் விடுங்கள். குஞ்சு வளர வளர எடை கூடும், கத்தரிக் கிளை தொங்கும். கூட்டுக்கு ஒரு சாண் கீழே, இலையைத் தொடாமல், கிளைக்கு ஒரு குச்சி ஊன்றிச் சணலால் தளர்வாகக் கட்டுங்கள். கட்டும்போது பெற்றோர் கூட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து இரண்டு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும்.

பூனைதான் பெரிய எதிரி. தொட்டிக்குப் பக்கத்தில் ஏறி நிற்க ஸ்டூல், தண்ணீர்த் தொட்டி மூடி, செங்கல் அடுக்கு எதுவும் வேண்டாம். பூனை தாவும் தளத்தில் காய்ந்த எலுமிச்சை முள்கிளையையோ காகிதப்பூ முள்ளையோ போட்டு வையுங்கள். காகமும் வால்காக்கையும் செண்பகமும் ஓணானும் வரும். இது இயற்கையில் நடப்பதுதான், எல்லாவற்றையும் துரத்திக்கொண்டிருக்க முடியாது. ஆனால் கூட்டுக்குப் பக்கத்தில் காகத்துக்குச் சோறு வைக்கும் வழக்கம் இருந்தால் ஐந்து வாரம் அதை வேறு மூலைக்கு மாற்றுங்கள்.

வேறொரு விசித்திரமும் கண்ணில் படலாம். தையல்சிட்டு தன்னைவிடப் பெரிய குஞ்சு ஒன்றுக்கு வாயில் ஊட்டிக்கொண்டிருக்கும். குயில் குடும்பத்தைச் சேர்ந்த சிறு பறவை ஒன்று தன் முட்டையை இதன் கூட்டில் இட்டுவிட்டுப் போவதுண்டு. குயில் குஞ்சை எடுத்து வெளியே போட வேண்டாம், அதுவும் காட்டுப் பறவைதான். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையைப் பிடிப்பதும், அதன் முட்டையையும் கூட்டையும் கலைப்பதும் குற்றம். தையல்சிட்டின் குஞ்சை எடுத்து வீட்டில் வளர்ப்பதற்கும் இதே சட்டம்தான். வளர்க்க நினைத்தாலும் அது பிழைக்காது, பகல் முழுக்கச் சில நிமிடத்துக்கு ஒரு முறை உயிருள்ள பூச்சியை நம்மால் பிடித்து ஊட்ட முடியாது.

குஞ்சு கீழே கிடந்தால்

இறகு முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். உடம்பெல்லாம் இறகு, வால் மட்டும் குட்டை, தத்தித் தத்திப் போகிறது என்றால் அது கூட்டை விட்டு வந்த குஞ்சு, விழுந்த குஞ்சில்லை. பெற்றோர் பக்கத்தில்தான் இருக்கும். நடைபாதையிலோ பூனை கண்ணிலோ படும் இடம் என்றால் எடுத்து அருகிலுள்ள அடர்ந்த செடியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்விடுங்கள்.

இறகு இல்லாமல் தோல் தெரிந்தால் கூட்டுக்குள் திரும்ப வையுங்கள். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பது தவறான நம்பிக்கை, சேர்க்கும். கூடு கிழிந்திருந்தால் வெளிப்பக்கத்திலிருந்து பருத்தி நூலால் இலைப்பையை இரண்டு சுற்றுச் சுற்றி, காம்பு நசுங்காமல் கட்டுங்கள். கூடு முழுதாகப் போய்விட்டால் கொட்டாங்குச்சி ஒன்றின் அடியில் மூன்று துளை போட்டு, காய்ந்த புல்லை மெத்தையாக வைத்து, பழைய கூட்டின் பஞ்சு மிச்சம் இருந்தால் அதையும் சேர்த்து, அதே கிளையில் நிழல் படும்படி கட்டுங்கள். குஞ்சை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் தூரத்திலிருந்து பாருங்கள். பெற்றோர் வந்துவிட்டால் உங்கள் வேலை முடிந்தது. வரவில்லை என்றால், அல்லது காயம் இருந்தால், துளை போட்ட சின்ன அட்டைப்பெட்டியில் இருட்டாக, கதகதப்பாக வைத்து வனத்துறையைக் கூப்பிடுங்கள். அதுவரை பால், சோறு, பிரெட் எதுவும் கூடாது. வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

குறித்து வைக்கும் பழக்கம்

ஒரு நோட்டில் தேதி, நேரம், செடி, தரையிலிருந்து உயரம், பார்த்தது என்ன என்று ஐந்து வரி போதும். பார்த்த பறவைகளைப் பதிந்து வைக்கும் ஈபேர்ட் (eBird) செயலியில் பதிவு செய்கிறவர்கள் 15 நிமிடமாவது ஒரே இடத்தில் பார்த்து, கண்ட எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு போடுங்கள். காகத்தையும் மாடப்புறாவையும் விட்டுவிடாதீர்கள். குரலை மட்டும் கேட்டிருந்தாலும் பதியலாம். ஜனவரியில் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பு புதியவர்களுக்கு நல்ல தொடக்கம், உங்கள் மொட்டைமாடியிலிருந்தே சேர்ந்துகொள்ளலாம். கூடு இருக்கும் வீட்டு எண்ணையும் செடியின் படத்தையும் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். குஞ்சு பறந்து போன பிறகு போடுங்கள்.

கடைசிக் குஞ்சும் போன பிறகு இன்னும் பத்து நாள் பொறுத்துக் கிளையை வெட்டலாம். குஞ்சுகள் அந்தப் பக்கத்துச் செடிகளிலேயே சுற்றி, வாயைத் திறந்து இரை கேட்டுக்கொண்டிருக்கும் நாட்கள் அவை. இரவில் இளசை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் பெரிய பறவைகள் நெருங்கி உட்கார்ந்து தூங்குவதை எலுமிச்சைக் கிளையில் பார்க்க வாய்க்கலாம். டார்ச் அடிக்காமல், தெருவிளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பழைய கூட்டுக்கு அது பெரும்பாலும் திரும்பாது, அடுத்ததற்குப் புது இலை தேடும். ஆகவே வெட்டும்போது மேல் கொழுந்தை மட்டும் எடுத்துவிட்டு, இடுப்பு உயரத்தில் இருக்கும் அகல இலைகளை விட்டுவையுங்கள்.